அடிமட்டம் எல்லாருக்கும் ஒன்றா?

கேள்வி: வணக்கம் மிஸ். நான் திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலையில் தரம் 10 படிக்கிறேன். வயது 15. பாடசாலையின் பெயரைத் தயவுசெய்து போட வேண்டாம். காலைக் கூட்டம் முடிந்ததும் ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ரீச்சர் கவுண் நீளம் பார்ப்பா. முழங்காலில் இருத்தி, கவுண் விளிம்பு நிலத்திலிருந்து எவ்வளவு மேலே நிற்கிறது என்று அடிமட்டத்தால் அளப்பா. இம்மாதம் 9ஆம் திகதி எங்களில் எட்டுப் பேரை அலுவலகத்துக்கு முன்னால் இரண்டு பாடவேளை நிற்க வைத்தா. கணிதமும் விஞ்ஞானமும் போய்விட்டன. எங்களைப் படம் எடுத்து, "ஒழுங்கில்லாத மாணவிகள்" என்று எழுதி, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டா. என் கவுண் அரசாங்கம் தந்த துணியில் போன வருடம் தைத்தது. நான் வளர்ந்துவிட்டேன். அப்பா கடலுக்குப் போகிறவர், இப்போது புதிது தைக்க வசதியில்லை. எட்டுப் பேரில் இரண்டு பேர் முஸ்லிம் பிள்ளைகள். அவர்களின் தலைத்துணி மங்கிவிட்டதாம். ஆனால் எங்களைவிடக் குட்டையான கவுணோடு வருகிற சிலரை ரீச்சர் அளப்பதே இல்லை. அவர்களின் பெற்றோர் பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இருக்கிறார்கள். அடுத்த வாரம் வகுப்பே கறுப்பு ரிபன் கட்டி வரலாம் என்று யோசிக்கிறோம். தோழியின் அண்ணா எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கில் போடச் சொல்கிறார். அம்மா "வாயை மூடிக்கொண்டு படி" என்கிறா. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அந்த இரண்டு பாடவேளைகள். 1990இல் ஊர் கலங்கி, இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது எனக்குப் பதினொரு வயது. சப்பாத்து இல்லை, ரப்பர் செருப்போடு பாடசாலைக்குப் போனேன். விறாந்தையில் நிற்க வைத்தார்கள். உள்ளே பின்னங்களை வகுப்பது எப்படி என்று படிப்பித்தார்கள். யன்னல் வழியாகக் கரும்பலகையின் இடது பாதி மட்டும் தெரிந்தது. விடை எப்போதும் வலது பாதியில் இருந்தது. பல வருடங்கள் பின்னக் கணக்கைக் கண்டாலே எனக்கு வயிறு இறுகும். ஆகவே இது சின்ன விடயம், பெரிதுபடுத்தாதே என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, விடயத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் மூன்று பிரச்சினைகள் பின்னிக் கிடக்கின்றன. கவுண் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்ற விதி, மீறியவருக்குக் கொடுத்த தண்டனை, யாரை அளப்பது யாரை விடுவது என்ற தெரிவு. பிள்ளைகள் பெரும்பாலும் விதியோடுதான் முதலில் மோதுகிறார்கள். உங்கள் பக்கம் பலம் குறைந்த இடமே அதுதான். சீருடை வைக்கவும் நீளம் சொல்லவும் பாடசாலைக்கு அதிகாரம் உண்டு. முழங்காலுக்குக் கீழே என்ற விதியே அநியாயம் என்று நான் நீதிமன்றத்தில் வாதாடப் போனால் ஐந்து நிமிடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள்.

எனக்கும் சீருடைமேல் கோபம் இல்லை. 1993இலிருந்து அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கொடுத்து வருகிறது. இடையில் சில வருடம் வவுச்சராகவும் வந்தது. மீனவர் வீட்டுப் பிள்ளையும் வைத்தியர் வீட்டுப் பிள்ளையும் ஒரே வெள்ளையில் ஒரே வரிசையில் நிற்கட்டும் என்பதற்காக வந்த துணி அது. அதே துணியைக் காரணம் காட்டி, அதை மட்டுமே நம்பியிருக்கிற பிள்ளையை வரிசையிலிருந்து பிரித்து வெளியே நிறுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. அதிபரிடம் பேசும்போது உங்கள் அம்மா இந்த ஒரு விடயத்தைச் சொன்னாலே போதும்: "இது நீங்கள் தந்த துணி சேர், பிள்ளைதான் வளர்ந்துவிட்டாள்."

ஆனால் விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கலாம், கேட்க வேண்டும். பல பாடசாலைகளில் கவுண் நீளத்துக்கு "நான்கு விரல்" என்பது யாரோ ஒருவரின் வாயில் பிறந்து அடுத்தவர் வாய்க்குப் போன கணக்கு. தலைத்துணி எவ்வளவு வெள்ளையாக இருக்க வேண்டும் என்று எந்தத் தாளில் இருக்கிறது? சும்மா கேட்டு யாரும் சொல்லாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அம்மாவோ அப்பாவோ எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவைச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு விண்ணப்பம் அலுவலக மேசைக்கு வந்ததுமே வாய்விதிகள் தாளுக்கு வருவதை நான் கண்டிருக்கிறேன். தாளுக்கு வந்த விதி எல்லாருக்கும் ஒரே நீளமாகத்தான் இருக்க முடியும்.

தண்டனைக்கு வந்தால் உங்கள் பக்கம் நல்ல பலம் இருக்கிறது. முழங்காலில் இருத்துவது, பாடத்தை இழக்கச் செய்வது, படம் எடுத்துப் பெற்றோர் குழுவில் போடுவது ஆகிய மூன்றையும் நான் கவுண் நீளத்தோடு சேர்த்துப் பேசவே மாட்டேன். கல்வி அமைச்சின் 2005/17 இலக்கச் சுற்றறிக்கை உடல் ரீதியான தண்டனையை நிறுத்தச் சொன்னது. 2016இல் வந்த 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் பாடசாலை ஒழுக்கத்தைப் பற்றியதே. நம் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை, எவரையும் கொடூரமாகவோ இழிவாகவோ நடத்தக் கூடாது என்கிறது. "எவரையும்" என்ற சொல்லுக்குள் பதினைந்து வயதுப் பிள்ளையும் அடக்கம். 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் இந்த உறுப்புரையை ஒரு பாடசாலைப் பிள்ளைக்காகவே பிரயோகித்தது. ஆசிரியர் அறைந்ததில் காது பாதிக்கப்பட்ட மாணவன் அவன். அரசு 500,000 ரூபாயும் ஆசிரியர் தன் கைப்பணத்திலிருந்து 150,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. உங்களுக்கு நடந்தது அவ்வளவு கடுமையானது என்று நான் சொல்லவில்லை. பாடசாலை மதிலுக்குள் அரசியலமைப்பு செல்லாது என்று நினைப்பவர்களுக்குக் காட்ட அந்தத் தீர்ப்பு போதும்.

இன்னொன்று, நம் நாட்டில் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோரைக் கேள்வி கேட்கிற நாடு இது. வந்த பிள்ளையைக் கணித வகுப்புக்குள் விடாத பாடசாலையையும் அதே கேள்வி கேட்கலாம்.

யாரை அளப்பது, யாரை விடுவது என்பதற்கு வருவோம். 12ஆம் உறுப்புரையின் முதலாம் பந்தி, சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. உங்கள் கடிதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் நிரூபிக்கக் கடினமானதும் இதுதான். "எங்களை மட்டும் பிடிக்கிறா" என்று எட்டுப் பேர் சொன்னால், "எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் சொல்வார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதற்கு ஒரு 40 பக்கக் கொப்பி வாங்குங்கள். அளக்கும் ஒவ்வொரு நாளும், அன்று மாலையே, நடந்ததை மட்டும் எழுதுங்கள். உதாரணமாக இப்படி:

"9ஆம் திகதி. காலை 7.50. தரம் 10இல் அன்று வந்தவர்கள் 34 பேர். ரீச்சர் அளந்தது 11 பேரை. நிறுத்தியது 8 பேரை. முதலாம் வரிசையில் யாரையும் அளக்கவில்லை. 8.00 முதல் 9.20 வரை அலுவலகத்தின் முன் நின்றோம். இழந்த பாடங்கள்: கணிதம், விஞ்ஞானம். பார்த்தவர்கள்: இரண்டு மாணவத் தலைவிகள், அலுவலக உதவியாளர் ஐயா."

பாருங்கள், இதில் கோபம் இல்லை, யாரைப் பற்றியும் அபிப்பிராயம் இல்லை. எண்ணும் நேரமும் இடமும்தான். ஒரு மாதத்துக்கு இப்படி எழுதினால், 34 பேரில் யாரை எத்தனை தரம் அளந்தார்கள் என்பது தானாகவே தெரியும். அளக்கப்படாத பிள்ளைகளின் பெயர்களை மட்டும் எழுத வேண்டாம். அவர்களும் உங்களோடு படிக்கிற பிள்ளைகள். அவர்கள் கவுணையும் அளந்து அவர்களையும் வெயிலில் நிறுத்துவதால் உங்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது?

கடிதம் கொடுக்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் கவுணின் கீழ் மடிப்பை அம்மாவோடு சேர்ந்து பிரித்துப் பாருங்கள். நல்ல தையல்காரர் வளரும் பிள்ளைக்கு இரண்டு அங்குலமாவது உள்ளே விட்டிருப்பார். பிரித்தால் பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். மேலே நீலம் போட்டுத் தோய்த்து மங்கிய வெள்ளை, கீழே வெயில் காணாத வெள்ளை. அந்தக் கோட்டை அடிமட்டத்தோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். ஒரு வருடத்தில் நீங்கள் வளர்ந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. செய்யக்கூடியதை நீங்கள் செய்துவிட்டீர்கள் என்பதும் அதில் தெரியும்.

அப்புறம் கடிதம். எட்டுப் பிள்ளைகளின் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்து வைக்க வேண்டும். முஸ்லிம் பிள்ளைகள் இருவரின் வீட்டாரையும் விட்டுவிட வேண்டாம். "அவர்கள் விடயம் வேறு, எங்கள் விடயம் வேறு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த இருவரும் உங்களோடுதான் அதே வெயிலில் அதே இரண்டு பாடவேளை நின்றார்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நான் எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன்:

"மதிப்பிற்குரிய அதிபர் அவர்களுக்கு, இம்மாதம் 9ஆம் திகதி தரம் 10 மாணவிகள் எட்டுப் பேர் சீருடை தொடர்பாக அலுவலகத்தின் முன் நிறுத்தி வைக்கப்பட்டு இரண்டு பாடவேளைகளை இழந்தனர். அவர்களின் படம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்டது. சீருடை விதிகளை மதித்து நடக்க எங்கள் பிள்ளைகள் தயார். அவ்விதிகளின் எழுத்துப் பிரதியை எங்களுக்குத் தந்துதவவும். சீருடைக் குறை இருந்தால் பெற்றோருக்கு எழுத்தில் அறிவித்து, அடுத்த துணி கிடைக்கும் வரை அவகாசம் தரவும். எக்காரணத்துக்காகவும் பிள்ளைகளைப் பாடவேளையில் வகுப்புக்கு வெளியே நிறுத்த வேண்டாம். பகிர்ந்த படத்தை நீக்கி, நீக்கியதை அதே குழுவில் அறிவிக்கவும். அளப்பதாயின் எல்லா மாணவிகளையும் ஒரே முறையில், தனியிடத்தில் அளக்கவும்."

இதில் ரீச்சரின் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெயரைப் போட்டால் அதிபர் தன் ஆசிரியையைக் காப்பாற்ற வேண்டிய இடத்துக்குப் போய்விடுவார். போடாவிட்டால் நடைமுறையைத் திருத்துகிற இடத்தில் நிற்பார். அந்த ரீச்சரும் யாருடைய கட்டளைக்காக இதைச் செய்கிறார் என்று நமக்குத் தெரியாது. ஆசிரியைகளுக்கும் ஆடைச் சுமை உண்டு, மகள். 2022 நவம்பரில் நாட்டின் பல இடங்களில் ஆசிரியைகள் சிலர் சேலைக்குப் பதிலாக வேறு வசதியான உடையில் பாடசாலைக்குப் போனபோது எவ்வளவு வசவு கேட்டார்கள் என்று உங்கள் பாடசாலை ஆசிரியைகளுக்கும் நினைவிருக்கும்.

கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் திகதியோடு முத்திரை குத்தி வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் சண்டை வேண்டாம். நேரே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுப் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள்.

பத்து நாளில் பதில் இல்லாவிட்டால் அடுத்த படி. உங்கள் பாடசாலை மாகாணப் பாடசாலை என்றால் வலயக் கல்விப் பணிப்பாளர், அதற்கு மேலே மாகாணக் கல்வித் திணைக்களம். கிழக்கு மாகாணத்தின் தலைநகர் நம் ஊர்தான் என்பதால் அதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. தேசியப் பாடசாலை என்றால் மத்திய கல்வி அமைச்சு. பெயர்ப்பலகையைப் பார்த்தால் தெரிந்துவிடும். தவறான கந்தோருக்குப் போன கடிதம் சுற்றிச் சுற்றி வருவதில் மாதங்கள் போய்விடும்.

இங்கே கவனமாக இருங்கள். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்குக் காலம் ஒரு மாதம்தான். 9ஆம் திகதி நடந்ததற்கு அடுத்த மாதம் 9ஆம் திகதிக்கு முன். அதிபர் பார்க்கிறேன் என்றார், பணிப்பாளர் பார்க்கிறேன் என்றார் என்று காத்திருந்து வாசல் மூடிய பிறகு என்னிடம் வந்தவர்கள் அதிகம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கிற காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. காசு தேவையில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை, தமிழில் எழுதலாம். அவர்களின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. அந்தப் படம் நீக்கப்படாமல் கிடந்தாலோ, இதற்கு மேல் யாராவது பிள்ளைமேல் கை வைத்தாலோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் அழைக்கலாம். உயர் நீதிமன்றத்துக்காகக் கொழும்பு வரை போக வேண்டி வராது என்றே நினைக்கிறேன். வந்தால் பெற்றோர் உங்கள் சார்பில் மனுச் செய்வார்கள். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இப்போது ரிபனும் ஃபேஸ்புக்கும். கறுப்பு ரிபன் கட்டுவது பாவமில்லை, ஆனால் அன்றைக்கு நீங்கள்தான் சீருடையை மீறியவர்கள் ஆகிவிடுவீர்கள். கையில் இருக்கிற நல்ல நியாயத்தை ஒரு முழ ரிபனுக்கு விற்க வேண்டாம். ஃபேஸ்புக்கை நான் இன்னும் உறுதியாக மறுக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் 40 பேர் பார்த்த படத்தை 40,000 பேர் பார்ப்பார்கள். அத்தோடு, நம் ஊரில் பாடசாலையும் உடையும் ஒரே வரியில் வந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தவள் நான். 2018இல் முஸ்லிம் ஆசிரியைகள் அணிந்த ஹபாயா என்ற நீண்ட அங்கி பற்றி எழுந்த பிரச்சினை பாடசாலை வாசலில் பதாகையாக நின்றது. பேசித் தீர்க்க வேண்டியதை இரண்டு சமூகங்கள் பிடித்து இழுத்தன. 2024இல் உயர்தரப் பெறுபேறு வந்தபோது நம் ஊர்ப் பாடசாலை ஒன்றின் 70 மாணவிகளின் பெறுபேறுகள், பரீட்சை மண்டபத்தில் துணியால் காதை மறைத்திருந்தார்கள் என்று நிறுத்தி வைக்கப்பட்டன. பெறுபேறுகள் பிறகு வந்தன, ஆனால் அதுவரை அந்தப் பிள்ளைகள் எப்படித் தூங்கியிருப்பார்கள்? அதே நாட்களில் முகநூலில் முன்பின் தெரியாதவர்கள் அவர்களைப் பற்றி எழுதியவற்றை நான் இங்கே திருப்பி எழுத மாட்டேன். உங்கள் எட்டுப் பேரில் இரண்டு பேர் முஸ்லிம் பிள்ளைகள் என்ற ஒரு வரி போதும், இது கவுண் பிரச்சினையாக இருப்பது நின்றுபோக. தோழியின் அண்ணாவுக்கு நல்ல மனம்தான். அவரைக் கொப்பி வாங்கித் தரச் சொல்லுங்கள்.

அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். நாளைக்கு நற்சான்றிதழ், விடுகைப் பத்திரம் எல்லாம் அதே அலுவலகத்திலிருந்துதான் வர வேண்டும் என்று அவர் நினைக்கிறார். யாரும் பழிவாங்கவே மாட்டார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் எழுத்தில், மரியாதையாக, எட்டு வீட்டார் சேர்ந்து கொடுத்த முறைப்பாட்டுக்குப் பிறகு ஒரு பிள்ளையை மட்டும் தனியாக நெருக்குவது எந்த அதிபருக்கும் இலேசல்ல. முறைப்பாட்டுக்கு அடுத்த நாளிலிருந்து நடப்பதெல்லாம் உங்கள் கொப்பியில் திகதியோடு இருக்கும் என்பது அவருக்கும் தெரியும். தனியாக வாயால் கேட்கிற பிள்ளைக்குத்தான் அதிக ஆபத்து. அம்மாவிடம் இந்தப் பந்தியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அதிபரைப் பார்க்கப் போகும்போது அவரும் வேறொரு அம்மாவும் சேர்ந்து போகட்டும்.

இழந்த இரண்டு பாடங்களுக்கு யாரும் பதில் சொல்லப் போவதில்லை. கணித ரீச்சரிடம் நீங்களே போய், "அன்றைக்கு நாங்கள் எட்டுப் பேரும் வெளியே நின்றோம், அந்தப் பாடத்தை ஒரு தரம் சொல்லித் தாருங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள். அவர் சொல்லித் தந்தால் அதையும் கொப்பியில் எழுதி வையுங்கள்.

கடிதம் கொடுத்ததும் முத்திரை குத்திய பிரதியை எனக்கு அனுப்புங்கள். அடுத்த மாதம் 9ஆம் திகதிக்கு ஒரு வாரம் முன்னதாக நானே உங்கள் அம்மாவோடு பேசுகிறேன்.